ஈரக் கரண்டியும் கேப் டவுன் ஒயினும்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக் நன்றாக இருந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு வீட்டைச் சொல்வார்கள். ஒயின் என்றால் எங்கள் அம்மாதான், அதில் மறுபேச்சே கிடையாது. பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, கொஞ்சம் கிராம்பு போட்டு, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டிவிடுவார். வடிக்கும் நாள்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. அந்த ஜாடிக்குக் கிடைத்த மரியாதையில் பாதிகூட அப்பாவுக்குக் கிடைத்ததில்லை.

போன கிறிஸ்துமஸுக்குக் கப்பலிலிருந்து லீவில் வந்த தம்பி, கேப் டவுனில் வாங்கிய மூன்று பாட்டில் சிவப்பு ஒயினைப் பனியனில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். வந்த அன்றே மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றைத் திறந்தான். சுழற்றி மோந்து பார்க்க வேண்டும் என்றான். அப்பா சுழற்றியதில் பாதி அவர் சட்டையில்.

"லேசா பொகை வாசனை வருதா?" என்றான் தம்பி.

"எண்ணூர் கம்பெனி காத்து அடிச்சா தெனம்தான் வருது," என்றார் அம்மா. "இன்னாடா இது, சர்க்கரை போட மறந்துட்டானா?"

எனக்கும் முதல் வாய் துவர்த்தது. வஞ்சிரம் வறுவலைக் கடித்துக்கொண்டு அடுத்த வாய் குடித்தேன். நன்றாக இருந்தது. அதற்கடுத்த வாய்க்கு அப்பாவின் டம்ளரையும் இழுத்துக்கொண்டேன்.

தம்பிக்கோ இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை. யாரும் பார்க்காதபோது, கழுவிய கையோடு ஈரக் கரண்டியை அம்மாவின் ஜாடிக்குள் விட்டிருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வடிக்கத் திறந்தால் ஜாடி முழுக்கக் காடி நாற்றம்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வெறும் கேக்க மட்டும் அனுப்புனா தெருவுல இன்னா சொல்லுவாங்க? என் பேரே போச்சே," என்று அழுதார். சாவு வீட்டுக்கு வெளியே அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு வந்த கோபத்தில் அதே கரண்டியால் தம்பியின் மண்டையில் ஒன்று வைத்தேன்.

மிச்சமிருந்த இரண்டு பாட்டிலும் குண்டானில் இறங்கின. கிராம்பு போட்டோம். சர்க்கரையை எடுத்ததும் தம்பி பதறினான்.

"ஐயோ, அத்த போடாதக்கா! ஒயினே கெட்டுப்பூடும்!"

"நீ வாய மூட்றா."

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் கேக்கோடு சின்ன டம்ளர்களில் ஊற்றி வீடு வீடாக அனுப்பினோம். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா கழுவிய டம்ளரோடு வந்தார். இன்னொரு கையில் ஒரு தூக்கு நிறைய மிளகு ரசம்.

"இன்னாக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? இந்த வருசம் ஒயின்ல உன் கைப்பக்குவமே இல்லியே. எங்க வூட்டுக்காரு ஒரு வாய் குடிச்சிட்டு வெச்சிட்டாரு."

அம்மா விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டார். போச்சு, மறுபடியும் அழப்போகிறார் என்று நானும் தம்பியும் பின்னாலேயே ஓடினோம். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியாடா?" என்று தம்பியின் காதைப் பிடித்தார். "கப்பலேறி வந்த சரக்கு, என்னுதுகிட்ட நிக்க முடில பாரு!"

பிறகு முகத்தைத் துடைத்து, கொஞ்சம் இருமிப் பார்த்துக்கொண்டு, ரசத்தை வாங்க நோயாளியாக வெளியே போனார்.