அக்காவின் நீர் மாத்திரை

அக்காவின் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். இதயம் எப்படித் துடிக்கிறது, நுரையீரலில் தண்ணீர் கோக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கட்டிலருகே இருந்த பெட்டி அதைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். அங்கிருந்து போன் எனக்குத்தான் வரும், அக்கா உப்பளத்தில் இருப்பாள் என்பதால்.

"தண்ணி ஏறிக்கிட்டே இருக்குதும்மா. நீர் மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"நான்தானே கையில எடுத்துக் குடுக்கிறேன்," என்றேன். எங்களைப் பார்த்தால் மாத்திரை போடாத ஜென்மமாகத் தெரிகிறதா என்று எனக்கு ரோஷம். டாக்டரைக் கேட்டு ஒன்றை இரண்டாக்கினார்கள். பிறகு மூன்று. அக்காவின் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது.

ஒருநாள் அவள் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய மாத்திரை. கவரை அவள் முன்னால் போட்டேன்.

"செத்துப் போறதுன்னு முடிவே பண்ணிட்டியா?"

"வந்துட்டா பெரிய டாக்டரம்மா. போட்டா நிமிஷத்துக்கு ஒருதரம் ஒண்ணுக்கு முட்டுதுடி. அந்தப் பாத்தியில எங்க போய் உக்காருவேன்? கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒரு செடி இருக்குதா? சுத்தி ஆம்பளைங்க."

சாயங்காலம் போட்டுக்கொள்ளேன் என்றேன். அதையும் செய்து பார்த்திருக்கிறாள். இரவெல்லாம் எழுந்ததில் விடிகாலை பாத்தியில் தலைசுற்றி விழுந்தாளாம். இன்னொரு தரம் விழுந்தால் வேலை இல்லை என்றானாம் மேஸ்திரி. வேலையை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தையல் மிஷினை வைத்து இந்த வீட்டை ஓட்ட முடியாது.

மேஸ்திரியிடம் போய் நின்றேன். நாலு கொம்பு நட்டு ஒரு கீற்று மறைப்பு கட்டிக்கொள்கிறோம், செலவு எங்களுடையது என்றேன்.

"மத்த பொம்பளைங்க வீட்லயே முடிச்சிட்டுத்தானேம்மா வர்றாங்க. உப்பு பக்கத்துல அதெல்லாம் வெச்சா ஓனர் என்னைத்தான் கேப்பாரு."

அடுத்த போன் வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்காவைக் கேட்காமல் கொள்ளாமல், ஒழுங்காகப் போடுகிறாள் என்று நான் சாட்சி சொன்னதையும் சேர்த்து. சிஸ்டர் நல்லவர், குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பாவம்மா. வேலைய நிறுத்த முடியாதா?"

"முடியாது சிஸ்டர்."

"அப்ப மாத்திரை போடலைன்னு மட்டும் எழுதிக்கிறேன். ஏன் போடலைன்னு எழுத இந்த ஃபாரத்துல இடமில்லைம்மா."

சரி என்றேன். அன்றும் அக்கா மாத்திரை போடாமல்தான் வேலைக்குப் போயிருந்தாள்.