கொட்டகையில் பேசிய ஸ்பீக்கர்

பிள்ளைகளா, அப்பாவுக்குப் பிரசங்கம் செய்ய லைசென்ஸ் கிடைத்த கதையில் ஒரு பாதி உங்கள் அம்மாவுக்கே தெரியாது. நாலு வருடத்துக்கு முன்னால், கோடைக்கால ஞாயிறு ஒன்றில், பாலக்கரைச் சந்துக்குள் இருக்கும் நம் பாப்திஸ்து சபையில் நடந்தது. பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று நீங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டிலேயே இருந்துவிட்டீர்கள்.

நம் சபையில் மேலிடம் என்று ஒன்று கிடையாது. ஒருவர் ஊழியத்துக்குத் தகுதியா என்பதைச் சபையார்தான் கை தூக்கி முடிவு செய்வார்கள். வெல்டிங் பட்டறை வேலை முடிந்து வந்து வேதபாடம் படித்தேன். சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன்மார் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். சோதனைப் பிரசங்கமும் முடிந்தது. கை தூக்குவதுதான் பாக்கி.

"தம்பி, நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் வெளியில இருங்க" என்றார் பாஸ்டர். அதுதான் முறை.

வாசல் தகரக் கொட்டகையில், உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக ஒரு ஸ்பீக்கர் உண்டு. அதை யாரும் அணைக்கவில்லை. சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரம்தான். கை போகவில்லை.

"நல்ல பையன்தான். ஆனா பிரசங்கத்துல எதுக்கெடுத்தாலும் வெல்டிங். மனந்திரும்புதலுக்கும் வெல்டிங், விசுவாசத்துக்கும் வெல்டிங்!" இது ரிட்டயர்டு ரயில்வேக்காரர்.

"வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்தாருன்னா அடுப்பை அணைச்சிட்டுதான் உட்காரணும். இல்லன்னா சாம்பார் அடிப்பிடிச்சிடும்" என்றார் பெண்கள் ஐக்கியத்து அக்கா. உள்ளே ஒரே சிரிப்பு.

"ஒரு அவசரம்னா ஸ்ரீரங்கத்துலேர்ந்து பாலம் தாண்டி எப்பங்க வந்து சேருவாரு?"

அதற்குப் பிறகு பாலத்து டிராஃபிக்கைப் பற்றியே பேசினார்கள். பிறகு லைசென்ஸ் ஒரு வருடத்துக்கா, இரண்டு வருடத்துக்கா என்று சண்டை. நடுவில் ஒருவர் ஃபேன் ரிப்பேரைப் பற்றிக் கேட்டார். தகரம் கொதிக்கிறது, கையில் ஹெல்மெட், எனக்கோ பற்றிக்கொண்டு வருகிறது. இத்தனை வருடம் இவர்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் ஓடியவன் நான். என் தலையெழுத்தை ஃபேனுக்கு நடுவில் வைத்துப் பேசுகிறார்கள்!

கடைசியில் பாஸ்டர் உங்கள் அம்மாவிடம், "சகோதரி, உங்களுக்கும் ஓட்டு இருக்கு. சொல்லுங்க" என்றார்.

அவளாவது நாலு நல்ல வார்த்தை சொல்வாள் என்று ஸ்பீக்கருக்குக் கீழேயே போய் நின்றேன்.

"நல்லவருங்க. பொய் சொல்ல மாட்டாரு. ஆனா நாம ஒண்ணு சொல்லி முடிக்கறதுக்குள்ள பைபிள் வசனம் சொல்லிடுவாரு. பெரியவளுக்கு ஸ்கூல்ல ஏதோ கஷ்டம். ரெண்டு மூணு தடவை அவர்கிட்ட போனா. ஒவ்வொரு தடவையும் தலையில கை வச்சு ஜெபம் பண்ணி அனுப்பிட்டாரு. என்ன கஷ்டம்னு இன்னி வரைக்கும் அவருக்குத் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப, கை தூக்குறீங்களா இல்லையாம்மா?"

"தூக்குறேங்க. ஆனா இதை நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா அதுக்கும் ஒரு வசனம் வரும்."

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு. "சபை ஏகமனதா சந்தோஷமா ஒத்துக்கிச்சு" என்றார் பாஸ்டர். அவ்வளவுதான்! வெல்டிங்கும் இல்லை, சாம்பாரும் இல்லை. வெல்டிங்கைக் குறை சொன்ன ரயில்வேக்காரர்தான் முதலில் வந்து கட்டிப்பிடித்தார். உங்கள் அம்மா சொன்னதையாவது யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளும் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, பாலம் முழுக்க, "வெயில் ஜாஸ்தி" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பெரியவளே, அன்றைக்குச் சாயங்காலம் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா ஆச்சு ஸ்கூல்ல?" என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீ முதலில் சந்தேகமாகப் பார்த்தாய். பிறகு சொன்னாய். நாக்கு நுனிக்கு வந்த வசனங்களை நான் விழுங்கிய பாடு எனக்குத்தான் தெரியும். எந்தப் பிரசங்கமும் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. லைசென்ஸ் தாள் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஊழியக்காரனாக நான் செய்த முதல் வேலை, அன்றைக்கு நீ சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

போன மாதம் இன்னொரு தம்பிக்காகக் கூட்டம் நடந்தது. அவரை வெளியே அனுப்புவதற்கு முன்பே எழுந்து கொட்டகைக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. சுவிட்சில் விரலை வைத்தேன். அணைக்க மனம் வரவில்லை. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.