ஹெப்டத்லான் பார்க்கப் போய் நார்த்தாமலை பார்த்த கதை

புதுக்கோட்டைக்கு நான் ஊர் சுற்றப் போகவில்லை. அக்கா மகள் சத்யாவை ஜெயிக்க வைக்கப் போனேன். போன மாதம், ஒரு சனி ஞாயிறு. அவளுடையது ஹெப்டத்லான்: ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று ஏழு போட்டிகள், இரண்டு நாள், எல்லாப் புள்ளியையும் கூட்டி ஒரே முடிவு. முதலிடம் வந்தால் சென்னையில் விடுதியோடு பயிற்சி. வராவிட்டால் இதோடு விளையாட்டை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று அத்தான் கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், அவளுக்கு ராத்தூக்கமே இல்லை. நானோ கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். பெரிய வீராங்கனைகள் எப்படி ஜெயிக்கிறார்கள் என்று மூன்று மாதம் அலசி லேப்டாப்பில் வைத்திருந்தேன். சும்மா விடுவேனா?

திருச்சியில் காலை 5.40க்கு பஸ், டிக்கெட் 55 ரூபாய். ஏழரைக்கெல்லாம் மைதானத்தில் இருந்தேன்.

முதல் நாள் நான்கு போட்டிகள். ஒவ்வொன்றும் முடிந்ததும் சத்யா துண்டை விரித்துப் படுத்துவிட்டாள். நேரத்தை வீணடிக்கலாமா? லேப்டாப்போடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீளம் தாண்டுறதுலதான் சூட்சுமமே இருக்கு, இந்த கிராஃப்ல ஏறுற கோட்டைப் பாரு."

"சித்தி, செத்த நேரம் கண்ண மூடிக்கிறேனே."

"மூடிக்கிட்டே கேளு."

சாயங்காலம் மூன்றாம் இடத்தில் இருந்தாள். நாளைக்கு இன்னும் விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மைதான வாசலில் ஆட்டோ நின்றது. அக்காவின் பக்கத்து வீட்டுக் கருப்பையாவுடையது.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு நார்த்தாமலை பாக்காமப் போவாங்களா சித்தி? இன்னிக்குப் போட்டி பதினொரு மணிக்குத்தான். அண்ணன் கூட்டிட்டுப் போவாரு" என்றாள் சத்யா. இந்த நெருக்கடியிலும் சித்தியை நினைக்கிறதே பிள்ளை என்று நெகிழ்ந்து போனேன்.

நார்த்தாமலை 18 கிலோமீட்டர். பாறைமேல் ஏறினால் விஜயாலய சோழீச்சரம். அடேயப்பா, என்ன அழகு! எதிரே குகையில் பன்னிரண்டு விஷ்ணு சிலைகள். இரண்டு தடவை எண்ணினேன், அது என் வியாதி. பத்தரைக்குக் கீழே இறங்கி, "நேரா மைதானம்" என்றேன். கருப்பையா இரண்டு இடத்தில் டீ குடித்தார். பிறகு பார்த்தால், கிலோமீட்டர் கல்லில் புதுக்கோட்டை தூரமாகிக்கொண்டே போகிறது!

"என்னங்க, எங்க போறோம்?"

"குன்றாண்டார்கோவில்க்கா. இந்தா, இங்கிட்டுத்தான்."

அங்கேயும் குடைவரைக் கோயில், அருமை. ஆனால் யார் நிம்மதியாகப் பார்த்தது? மைதானத்துக்குத் திரும்பும்போது மணி 4.20. கடைசிப் போட்டியான 800 மீட்டரும் முடிந்திருந்தது. சத்யா முதலிடம்! ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன், இரண்டு பேருக்கும் அழுகை.

"எப்படிடீ?"

அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். கருப்பையாதான் உடைத்தார்: "நாலு மணி வரைக்கும் வண்டியத் திருப்பக் கூடாதுன்னுச்சுக்கா பாப்பா. ஒங்ககிட்டருந்து தப்பிச்சாத்தான் தூங்க முடியுமாம்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முடிவுப் பட்டியலைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நான் உடனிருந்த நான்கிலும் பயிற்சியில் செய்ததைவிடக் குறைவு. நான் இல்லாத மூன்றிலும் அவள் இதுவரை எட்டாத உயரம். ஏழு போட்டிகளையும் அலசிய நான், நடுவிலிருந்த ஓய்வை என் அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. என்னையும் எழுதவில்லை.

போகிறவர்களுக்கு: ஆட்டோ நாள் முழுக்க 1,200 ரூபாய். காலையிலேயே மலையேறுங்கள், பத்து மணிக்குமேல் பாறை கொதிக்கும். மேலே கடை கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள்.

சத்யாவின் அடுத்த போட்டி சென்னையில். நான் மாமல்லபுரத்தில் ரூம் போட்டுவிட்டேன்.