ஊர், கூட்டம் என்று இரண்டு கட்டங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பது. மகளின் நிச்சயதார்த்தச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் பெரியம்மா திருச்செங்கோட்டிலிருந்து கூப்பிட்டார்.

"ஏனுங்க, உங்க புள்ளைக்குச் சர்க்கரைன்னு எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சரின்னோம். அதை ஊரே படிக்கற மாதிரி இன்டர்நெட்டுல எழுதி வெச்சிருக்கீங்களே, அது எதுக்குங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் படிக்கவும் ஆரம்பித்துவிட்டார். "'எனக்கு ஊசின்னா பயமே இல்லை. அம்மா கூட இருக்கறப்ப எதுக்குப் பயம்?' இது உங்க புள்ளை எழுதுனதுதானுங்களே?"

மகள் எழுதியதல்ல. நான் எழுதியது.

"நோவு இருந்தா இருந்துட்டுப் போவுதுங்க. நாலு பேருக்குத் தெரிஞ்ச பிறகு எப்படிங்க? இந்தச் சம்பந்தத்தை இத்தோட விட்டுருங்க" என்றார். போன் நின்றது. ஊசி என் விரலில் ஏறியிருந்ததைச் சேலையில் கறை பட்ட பிறகுதான் பார்த்தேன்.

மகளுக்கு எட்டு வயதில் வந்தது. குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை. ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கு முன்பும் இன்சுலின் போட்டாக வேண்டும். சங்ககிரியில் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கல்யாண வீடுகளில் பந்திக்கு முன்னால் அவளை மண்டபத்துச் சாமான் அறைக்குக் கூட்டிப்போய், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நிற்கவைத்து ஊசி போடுவேன். கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகும், ஊருக்கு வந்தால் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் பழக்கியது அப்படி.

மருத்துவமனையில் பழக்கமான பெற்றோர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். "பாப்பாவுக்குச் சர்க்கரை அம்பதுக்குக் கீழ போயிருச்சு, என்ன செய்யறது?" என்று ஒரு தாய் கேட்பாள். அதற்கு மேலே ரோஜாப்பூவோடு காலை வணக்கம். அதற்குக் கீழே பாகற்காய்ச் சாறு குடித்தால் இன்சுலினே வேண்டாம் என்று எவனோ அனுப்பிய வீடியோ. கேள்வி மேலே போய்விடும். அடுத்த வாரம் வேறொரு தாய் அதையே கேட்பாள். புதிதாக வருகிறவர்களுக்கென்று ஓர் இடம் வேண்டும், கேட்டதும் சொன்னதும் தலைப்பு வாரியாகத் தங்க வேண்டும் என்றுதான் இணையத்தில் ஒரு விவாத மன்றம் தொடங்க நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். படித்தால் வராதா?

கோடை விடுமுறை முழுக்க அதற்கே போனது. மன்றத்துக்கான மென்பொருள் இலவசம்தான். தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் நிறுவும் பக்கத்தில் கொடுக்க வேண்டும். இணையத்தில் இடம் வாடகைக்குத் தருகிறவர்கள் அந்தப் பெயருக்கு முன்னால் தாங்களாகவே சில எழுத்துகளைச் சேர்த்துவிடுவார்கள் என்பது தெரியாமல், 'இணைக்க முடியவில்லை' என்ற சிவப்பு வரியையே நாள் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, சேருகிறவர்களுக்குப் போக வேண்டிய மின்னஞ்சல் எல்லாம் குப்பைப் பெட்டிக்குப் போனது. கடைசியில், நிறுவப் பயன்பட்ட ஃபோல்டரை அழித்துவிடு, இல்லாவிட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள் என்று மென்பொருள் எச்சரித்தது. அழித்தேன். கதவைப் பூட்டிவிட்ட நிம்மதி.

'விருந்தினர் படிக்கலாமா?' என்று ஒரு கேள்வி இருந்தது. படிக்கலாம் என்று குறியிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தையோடு நிற்கிறவளைப் பதிவு செய், கடவுச்சொல் போடு என்றா நிறுத்தி வைப்பது? யாருடைய பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம், புனைபெயர் போதும் என்று விதியும் எழுதினேன்.

காலியாக இருக்கும் மன்றத்தில் யாரும் பேச மாட்டார்கள், நீங்களே சிலவற்றை எழுதித் தொடங்குங்கள் என்பது எல்லா வழிகாட்டிகளும் சொல்வது. எழுதினேன். நானே கேட்டு நானே பதில் சொன்னேன். ஒரு புனைபெயர் தாயுடையது, ஒன்று மகளுடையது. மகளாக எழுதும்போது கை நிற்கவேயில்லை. அவளைக் கேட்கவுமில்லை.

ஆட்கள் சேர்ந்தார்கள், எழுதத்தான் இல்லை. குழுவில் பழக்கமான ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "யாரு எவருன்னு தெரியாம என்னத்தைங்க எழுதறது? ஊரும் தெரியாது, கூட்டமும் தெரியாது" என்றாள்.

எங்கள் பக்கம் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாலே இந்த இரண்டு கேள்விகளும் வந்துவிடும். கூட்டம் என்பது குலவழி. ஒரே கூட்டத்தில் பெண் கொடுத்து எடுப்பதில்லை. இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் எங்களுக்குப் பேச்சு வரும். ஆகவே பதிவுப் படிவத்தில் 'ஊர்', 'கூட்டம்' என்று இரண்டு கட்டங்கள் சேர்த்தேன். புனைபெயருக்குக் கீழே அவை தெரியும்படியும் வைத்தேன். அந்த வாரமே மன்றம் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெயர்தான் இல்லையே, என்ன பயம்? சங்ககிரி, இன்ன கூட்டம், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள். இதற்கு மேல் எங்கள் ஊரில் பெயர் எதற்கு?

போன் வந்த பிறகு மன்றத்தைத் திறந்து முதலிலிருந்து பார்த்தேன். திருச்செங்கோட்டிலிருந்து ஒரு பாட்டி இருந்தார். மாப்பிள்ளை வீட்டின் அதே கூட்டம். பேரனுக்கு ஆறு வயது, நோய் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தார். வேர்வையைப் பாருங்கள், கழுத்தைத் தொட்டுப் பாருங்கள் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில் எழுதியிருந்தேன். "நீங்க நல்லா இருக்கோணும் சாமி" என்று முடித்திருந்தார். காலையில் போன் செய்த பெரியம்மாவின் பேரனுக்கும் அதே வயதுதான்; அவர்தான் இவர் என்று அப்போது எனக்குத் தெரியாது. என் கட்டத்தைப் பார்த்து, நான் யாரென்று அவருக்கு எப்போது தெரிந்ததோ.

அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர், சத்தம் பெரிது. "அவிய பேரனுக்கும் இதே நோவுதானா! அந்தம்மாளா நம்மளைச் சொல்லுது? ஊரு பூரா நானே சொல்லிப்போடறேன் பாரு."

"சொல்லக் கூடாதுங்க. ஆறு வயசுக் குழந்தை."

"நம்முது மட்டும் குழந்தை இல்லையா?"

அவர் மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு மகளைக் கூப்பிட்டார். "வாரேன்" என்று ஒரே சொல்லில் வைத்துவிட்டாளாம்.

உச்சி வெயிலில் நாத்தனார் வந்து சேர்ந்தார். "படிச்சவ பண்ற வேலையைப் பாரு. நாங்க படிக்கல, வாயை மூடிட்டு இருக்கோம்" என்று சோபாவில் உட்கார்ந்தார். வாயை மூடவில்லை. இனி எந்தச் சீமையில் போய் மாப்பிள்ளை தேடுவீர்கள் என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. நான் கணினியில் மன்றத்தைப் பராமரிப்பு என்று போட்டு மூடினேன். பதிவு செய்த அத்தனை பேர் முகத்திலும் ஒரே சொடுக்கில் கதவைச் சாத்தினேன். அந்தப் பாட்டி முந்தின நாள் கேட்ட ஒரு கேள்வி பதிலில்லாமல் கிடந்தது. கிடக்கட்டும் என்று அந்த நேரத்தில் மனதாரத்தான் நினைத்தேன்.

வெயில் சாயும்போது மகள் வந்தாள். பையை வைத்தாள், கை கழுவினாள். சாப்பாட்டுக்கு முன் ஊசி போட வழக்கம்போல உள் அறைக்குப் போவாள் என்று வழிவிட்டு நின்றேன். போகவில்லை. அத்தைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, சட்டைக் கையை மேலே ஏற்றி, இன்சுலின் பேனாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நாத்தனார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பஸ்ஸுல படிச்சுட்டே வந்தேன். நடுவுல திறக்க மாட்டேன்னுருச்சு. மூடிட்டியா?"

"மூடிட்டேன் சாமி. அழிச்சிரட்டுமா?"

"அழிக்காத. அந்தப் பையன் வாந்தி எடுக்கறானாம், ஊசியைக் குறைக்கறதான்னு அந்தம்மா கேட்டிருக்குது. டாக்டரைக் கேக்காம நிறுத்திரப் போவுது. முதல்ல அதுக்குப் பதிலைப் போடு."

அது யாரென்று தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் தெரியும் என்பது தெரிந்தது.

"அப்புறம் அந்த ரெண்டு கட்டத்தையும் எடுத்துரு" என்றாள். பேனாவின் மூடியைத் திருகி மூடினாள். "நான் சொன்ன மாதிரி நீ எழுதுனியே, எனக்குப் பயமே இல்லைன்னு, அதையும் எடுத்துரு. எட்டு வயசுல இருந்து எனக்குப் பயமாத்தாம்மா இருக்குது."