பதில் சொல்லும் நேரம்

பெரம்பலூரில் என் வீட்டு மாடி அறையில் பாட்டுப் பதிவு செய்கிறேன். போன கோடையில் மைக்கைத் திறந்தாலே 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். கேபிளையெல்லாம் மாற்றியும் போகவில்லை. ஆண்டிமடத்திலிருந்து மைக்செட் ரிப்பேர் பார்ப்பவரை வரவழைத்தேன். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் ஒரு டெஸ்டர், அவ்வளவுதான். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. அவர் மிக்ஸரைத் தொடக்கூட இல்லை. கீழே இறங்கிப் போய், வீட்டு மின்சாரத்துக்கு எர்த் கம்பி புதைத்து, காய்ந்து கிடந்த குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். இரைச்சல் அடங்கிவிட்டது.

பிறகு ரெக்கார்டிங்கை ஆன் செய்யச் சொல்லி மைக் முன்னால் நின்றார். எல்லாரும் "ஹலோ, ஒன் டூ த்ரீ" என்பார்கள். அவர் "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார்.

"யாரைங்க கேக்குறீங்க?" என்றேன்.

"எம் பொண்ணங்க. போன்ல மொதல்ல இதத்தான் கேப்பேன். இப்ப அவ இல்ல. இருந்தாலும் அவ பதில் சொல்ற நேரம் வரைக்கும் நிப்பேன். அப்ப கொஞ்சங்கூட இரைச்சல் இருக்கக் கூடாது பாருங்க."

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. ஒரு கேள்வி, அப்புறம் சுத்தமான அமைதி. நேற்று மறுபடி போட்டுக் கேட்டேன். அந்த அமைதிக்குள், என்னை அறியாமல், "சாப்ட்டேம்ப்பா" என்று என் வாய் சொல்லிவிட்டது.