சோலையைச் சுற்றி வந்த கம்பி

மலைமேல், குண்டூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில், பெருமாயியின் வீட்டு வாசலில் சாமைக்கு உமி நீக்கும் மெஷின் வந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குள் மோட்டார் இரண்டு முறை எரிந்துவிட்டது. மெஷின் மகளிர் குழுவுடையது. இன்னொரு முறை எரிந்தால் திருப்புலி நாட்டுக் குழுவுக்குக் கொடுத்துவிடுவது என்று கூட்டத்தில் பேசி முடித்திருந்தார்கள். அப்புறம் பழையபடி உரலும் உலக்கையும்தான். பெருமாயிக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. உலக்கை என்று யாராவது சொன்னாலே அவளுக்கு அசதியாக இருந்தது.

அதனால் மோட்டாரை நோயாளியைப் போலப் பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஓட்டுவாள், சூடேறினால் நிறுத்துவாள், ஆறினால் மறுபடி போடுவாள். சாமை கொண்டுவந்தவர்கள் நாள் முழுக்கக் காத்துக் கிடப்பார்கள். யாராவது மீட்டரோடு சோதிக்க வந்தால், அந்த நேரமாவது மோட்டாருக்கு ஓய்வாக இருக்கட்டும் என்று உடனே சுவிட்சை அணைத்துவிடுவாள். வந்தவர்கள் கம்பியில் மீட்டரை வைத்துப் பார்த்து, கரண்ட் நல்லாத்தான் வருது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

எரிந்த மோட்டாருக்கு இரண்டு முறையும் உள்ளே செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுத்தவர் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி தனசேகரன். இந்த முறை எரியும் முன்பே அவரை வரவழைத்திருந்தாள். வளைவுகளில் பஸ் சுற்றிய சுற்றில் அவருக்கு முகம் வெளுத்திருந்தது.

“வாங்க, மொதல்ல தண்ணி குடிங்க. மோட்டார நிறுத்திட்டேன், பாருங்க.”

“நிறுத்தாதீங்கம்மா. சும்மா படுத்திருக்கறவனுக்கு மூச்சு வாங்குமா? சுமை தூக்கறப்பத்தான் பாக்கோணும். ஓட்டுங்க.”

“கொதிக்குதுங்க.”

“கொதிக்கட்டும். வெந்து போனா நாந்தான கட்டோணும்.”

பெருமாயி மனசில்லாமல் சாமையைக் கொட்டினாள். மோட்டார் முனகிக்கொண்டு ஓடியது. தனசேகரன் வோல்டேஜைப் பார்த்தார், நூற்று எண்பது. கம்பியைக் கவ்விப் பிடிக்கும் மீட்டரில் பன்னிரண்டு ஆம்பியர் காட்டியது. “நான் வார வரைக்கும் நிறுத்தப்படாது” என்று சொல்லிவிட்டு, கம்பி போன வழியே நடந்தார்.

கம்பி போன வழி நீளமானது. மீட்டர் பெட்டி இருந்தது கோயில் சோலைக்கு அந்தப் பக்கம், ருக்குமணி வீட்டுச் சுவரில். ருக்குமணி பெருமாயியின் கொழுந்தன் மனைவி. நிலம் பிரித்ததிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு குறைவு. மெஷின் வந்தபோது அது தன் வாசலில்தான் இருக்க வேண்டும் என்று பெருமாயி ஒற்றைக் காலில் நின்றாள். சாமி சோலைக்கு மேலே கம்பி போகக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு என்பதால், அவள் கணவன் அர்த்தனாரி சில்வர் ஓக் மரங்களில் கட்டிக் கட்டி, சோலையைச் சுற்றி இழுத்துக் கொண்டுவந்திருந்தான்.

தனசேகரன் திரும்பி வந்தபோது பின்னாலேயே ருக்குமணியும் வந்தாள்.

“பெட்டிகிட்ட இருநூத்தி இருவத்தெட்டு. இங்க நூத்தி எம்பது” என்றார் அவர். “நடுவுல நாப்பத்தெட்டு வோல்ட் காணாமப் போவுது. ஓடறது பன்னண்டு ஆம்பியர். நாப்பத்தெட்டப் பன்னண்டால வகுத்தா நாலு ஓம். அதான் உங்க கம்பியோட தடை. ரெண்டையும் பெருக்குனா ஐந்நூத்தி எழுவத்தாறு வாட். அத்தனையும் கம்பி சூடாவறதுக்கே போவுது.”

“பெட்டியில இருந்து மொத்தம் எவ்வளவு கெளம்புது?” என்று கேட்டாள் பெருமாயி.

“ரெண்டாயிரத்து எழுநூத்திச் சொச்சம்.”

பெருமாயி சற்று யோசித்தாள். “அப்ப அஞ்சு வள்ளம் சாமை கெளம்புனா ஒரு வள்ளம் வழியிலயே சிந்திருதுங்களா?”

“அதேதான். வந்து சேந்தத வெச்சு வேலைய முடிக்கோணும்னு மோட்டாரு இன்னும் கரண்ட்ட இழுக்குது. வேகாம என்ன பண்ணும்?”

“மத்தவங்க பாத்தப்ப சரியா இருந்துச்சுங்களே.”

“நீங்க நிறுத்திட்டீங்க. கரண்ட்டே ஓடலீன்னா கம்பி எதத் திங்கும்?”

பெருமாயி சாமை மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் நோயை ஒளித்து வைத்தது தன் கைதான்.

“சோலைக்கு நடுவால நேரா இழுத்தா?” என்றான் அர்த்தனாரி.

“இழுங்க மாமா” என்றாள் ருக்குமணி. “சாமியே வந்து சுச்சும் போடட்டும்.”

“ரெண்டு கம்பிய ஒண்ணாச் சேத்த அளவு தடிச்ச கம்பி போட்டா நாலு ஓம் ரெண்டாவும்” என்றார் தனசேகரன். “இத்தன தூரத்துக்கு அந்தச் செலவு குழுவால ஆவாது. அப்ப மெஷினப் பெட்டிகிட்ட கொண்டு போங்க.”

பெட்டிக்குப் பக்கம் என்றால் ருக்குமணியின் வாசல்.

“எம்பட மாட்டுக் கொட்டாய் சும்மாத்தான் கெடக்குது” என்றாள் ருக்குமணி. “ஓட்டறது நீதான்க்கா. எனக்கு அந்தச் சத்தம் ஆவாது.”

“வாரவங்கெல்லாம் உன் ஊட்டுக்கு வந்ததா ஆயிரும்.”

“ஆயிட்டுப் போவுது. காப்பி ஒண்ணும் நான் வெக்க மாட்டேன்.”

பெருமாயி இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். “தூக்குங்க” என்றாள் அர்த்தனாரியிடம், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மத்தியானமே நாலு பேர் மெஷினை மூங்கிலில் கட்டிச் சோலையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். கொட்டகையில் போட்டு ஓட்டியபோது, சாமை விழுந்த பின்னும் வோல்டேஜ் இருநூற்று இருபதுக்குக் கீழே இறங்கவில்லை. ஆம்பியர் பத்துக்கு வந்துவிட்டது. முனகல் இல்லை. மூட்டை தீரும்வரை மோட்டாரை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. தனசேகரன் அன்றைய கடைசி பஸ்ஸுக்குப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பொன்னாயி, தலையில் சாமை மூட்டையோடு வழியில் நின்று குரல் கொடுத்தாள்.

“ஏனுங்க, ருக்குமணி ஊட்டு மெஷினு ஓடுதுங்களா?”

ருக்குமணி பெருமாயியைப் பார்த்தாள். பெருமாயி முகத்தில் ஒட்டியிருந்த உமியை முந்தானையால் துடைத்தாள்.

“ஓடுது” என்றாள். “கொண்டா.”