பின்சீற் இல்லாத கார்கள்

வள்ளங்கள் கரைக்கு வரும்வரை காத்துக்கிடப்பதுதான் என் தொழிலில் பாதி. மற்றப் பாதி, வந்த மீனை ஐஸ் பெட்டிகளில் அடுக்கி பிக்கப்பில் ஏற்றி, கடற்கரை மணலைக் கடந்து புதுக்குடியிருப்புச் சந்தையில் கொண்டுபோய் இறக்குவது. காத்துக்கிடக்கிற நேரத்தில் முன்சீற்றில் காலை நீட்டிக்கொண்டு கைபேசியில் ராலி கார் ஓட்டம் பார்ப்பேன். பேரப்பிள்ளை காணப்போகிற வயதில் கார்ப் பைத்தியம் என்று கரையிலுள்ள மீன்வாடிக்காரர் நக்கலடிப்பார்கள். அடிக்கட்டும். அவர்கள் பார்க்கிற நாடகங்களை விட இது எவ்வளவோ மேல்.

ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் கிரவல் றோட்டு. வளைவு வருமுன்பே கார் பக்கவாட்டாகத் திரும்பிவிடும். றோட்டு இடப்பக்கம் வளையும்போது ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருப்பார். பார்க்கிற நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொள்வேன். அவருடைய முகத்திலோ ஒரு சலனமும் இராது. பக்கத்தில் இருப்பவர் அடுத்த வளைவு எப்படிப்பட்டது என்று தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டே வருவார். அவரும் பயப்பட்டதாகத் தெரியவில்லை. ஒருமுறை ஓட்டுகிறவரின் காலை மட்டும் படம்பிடித்துக் காட்டினார்கள். வளைவுக்குள்ளும் வலது கால் எக்சிலேற்றரை விடவில்லை, இடது கால்தான் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

காலை எடுக்கக்கூடாது என்பது எங்கள் கரையிலும் சட்டம்தான். மணலில் தயங்கினால் சில்லுப் புதைந்து தாண்டுவிடும். பிறகு மீன் பழுதாகும், பத்துப்பேர் வந்து தள்ளவேண்டும். ஆகவே நானும் அந்தப் பெரிய ஓட்டுநர்களின் சாதிதான் என்று எனக்குள் ஒரு எண்ணம். வெறும் பிக்கப்பை ஈரமணலில் பக்கவாட்டாக இழுத்துக் காட்டி வாடிக்காரரிடம் கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

ஒருநாள் மனைவியையும் பக்கத்தில் இருத்தி ஒரு ஓட்டத்தைக் காட்டினேன். அவள் ஓட்டத்தைப் பார்க்கவில்லை, காரின் உள்பக்கத்தைப் பார்த்தாள்.

"உந்தக் காருகளுக்குப் பின்சீற் இல்லையோ?" என்றாள்.

பாரம் குறையக் கழற்றிவிடுவார்கள், உள்ளே வெறும் இரும்புக் குழாய்தான் என்று விளக்கினேன். "அதுதான் உப்பிடி ஓடுறாங்கள்" என்று சொல்லிவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். இவளுக்கு ரசனை காணாது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கோயில் பெருநாளில் மாதாவின் சுரூபத்தை முந்தித் தோளில்தான் சுமந்தார்கள். தோள் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில், மிச்சப்பேருக்கு முழங்கால் நோ. அதனால் இப்போது பிக்கப்பில்தான் சுற்றுப்பிரகாரம். போன வருடம் வழமையாக ஓட்டுகிறவருக்குக் கண் ஒப்பரேசன். கோயில் அலுவல்களைப் பார்க்கிற மூப்பர் என் வீட்டுக்கு வந்தார். அந்தச் சுரூபம் சாதாரணமானதல்ல. சண்டையில் இடம்பெயர்ந்தபோது படங்குச் சீலையில் சுற்றி எங்கள் சனம் கையோடு தூக்கித் திரிந்தது. வலது கையில் இரண்டு விரல் உடைந்ததைத் தவிர முழுசாகத் திரும்பி வந்த ஒன்று எங்கள் ஊரில் அதுதான்.

"அவாவை விழாமக் கொண்டுவந்து சேர்த்தாச் சரி, தம்பி. வேறொண்டும் வேண்டாம்" என்றார் மூப்பர்.

என்னிடம் சொல்லவேண்டிய பேச்சா இது என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பின்னால் உயரமான மேசையில் சுரூபம், சுற்றிவரப் பூ. இரண்டு பக்கமும் பாட்டுக்காரப் பெண்கள், கையில் மெழுகுதிரியும் பாட்டுப் புத்தகமுமாக நின்றார்கள். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. சனம் நடக்கிற வேகத்துக்கு நானும் ஓடவேண்டும். முதலாம் கியரில் ஊர்ந்து ஊர்ந்து கிளச்சில் கால் கடுத்தது. இது ஒரு ஓட்டமா என்று எனக்குள் பொருமல். என்னிடம் இருக்கிற வித்தைக்கு இதுவா வேலை என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாதாவைச் சுமந்துகொண்டு போகும்போது என் மனதில் ஓடியது அதுதான்.

கடற்கரையில் வள்ளங்களை ஃபாதர் ஆசீர்வதித்த பிறகு கோயிலுக்குத் திரும்புகிற வளைவில் மணல் இளகிக் கிடந்தது. பின்சில்லு இலேசாகத் தாண்டது. பின்னால் வந்த சனம் தள்ளுவதற்குக் கிட்ட வந்தது. மூப்பர் முன்னால் நின்று கையை உயர்த்தி நிற்பாட்டச் சொன்னார். நான் கண்டேன். கண்டும் காலை எடுக்கவில்லை. அவர் விலக, இன்னும் அழுத்தி ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டினேன். பிக்கப்பின் பின்பக்கம் வீசி, மணலைக் கிழித்துக்கொண்டு, படத்தில் வருவதைப் போலவே அழகாக வெளியே வந்தது. பாட்டு வரியின் நடுவில் நின்றுபோனது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். மேசை சரிந்து கிடந்தது. என் மனைவி முழங்காலில் நின்று மாதாவைக் குழந்தையை அணைப்பதுபோல நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். மெழுகு கொட்டி முழங்கை சிவந்திருந்தது. மாதாவின் கிரீடம் கழன்று மணலில் கிடக்க, மூப்பர் குனிந்து எடுத்து ஊதித் துடைத்தார். ஒருவரும் என்னை ஏசவில்லை.

"மணல் இளகிப்போச்சு, என்ன செய்யிறது" என்றார் மூப்பர், சனத்துக்குக் கேட்கும்படியாக.

ஓம், மணல்தான் என்று முந்தி எனக்குக் கைதட்டிய வாடிக்காரரும் சொன்னார்கள். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். எனக்காக அத்தனைபேரும் பொய் சொல்லிக்கொண்டு நின்றபோது கூனிக் குறுகிப்போனேன். வீட்டுக்கு வந்து மனைவியின் கைக்கு மருந்து பூசிவிட்டேன். நல்லநேரம் ஒன்றும் உடையவில்லை என்று நான் சொன்னதற்கு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாங்கள் பின்னுக்கு நிண்டனாங்கள்" என்றாள். அவ்வளவுதான்.

பிறகும் ராலி பார்த்தேன், விட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் ஓடுமுன்பு அதே பாதையில் மெதுவாகப் போய்க் கல்லையும் குழியையும் அவர்கள் குறித்துக்கொள்வது இப்போதுதான் கண்ணில் பட்டது. எழும்பின புழுதியைத்தான் நான் இவ்வளவு காலமும் பார்த்திருக்கிறேன்.

இந்த வருடமும் மூப்பர் வந்தார். வேறு ஆளைப் பாருங்கோ என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. முதல் நாளே பாதை முழுக்க நடந்து பார்த்தேன். சுரூபத்தைச் சுற்றிக் கயிறு கட்டினேன். மணலில் புதையாதபடி சில்லுகளில் காற்றைக் குறைத்தேன். இளகின மணலுக்கு முன்னாலேயே நிற்பாட்டித் தள்ளச் சொல்வதென்று தீர்மானித்தேன். கோயில் மணி அடித்தது, பெண்கள் பாடத் தொடங்கினார்கள். புறப்படுமுன் கண்ணாடியில் பின்னுக்குப் பார்த்தேன். ஒருவர் கையிலும் மெழுகுதிரி இல்லை, பாட்டுப் புத்தகம் இல்லை. என் மனைவி உட்பட எல்லாரும் இரண்டு கையாலும் மாதாவை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். நான் இன்னும் கிளச்சிலிருந்து காலை எடுக்கவில்லை.